கைக்கு எத்தனை

கால் நகருகிறது. அது போதும், மீதியைப் பிறகு பார்க்கலாம். ஆறாவது ஓவர். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மைதானம், பாதி புல், பாதி செம்மண். எல்லைக்கோட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில், சற்றுப் பின்னால், மேசை போட்டு ஸ்கோர் எழுதுகிற ஜெபசிங். என் மடியில் அட்டை, அட்டையில் தாள், தாளில் ஐந்து கட்டம். கால், கண், கை, பேட்டிங், மனசு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட்டுச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். மனசுக்கு எப்படி நம்பர் போடுவது என்று முதல் வருஷமே கேட்டேன். போடுங்க சார் என்றார்கள். போடுகிறேன், பதினாறு வருஷமாக. அங்கே முதல் டிவிஷன் ஆடுகிற ஒரு கிளப்புக்குத் தென் மாவட்டங்களில் விக்கெட் கீப்பர் பார்த்துச் சொல்வது என் வேலை. வருஷத்துக்கு ஒருத்தன். எடுத்துக்கொண்டால் தங்க இடம், சம்பளம், மூன்று வருஷ ஒப்பந்தம். போன வாரம் கோவில்பட்டியில் ஒருத்தனைப் பார்த்தேன். சுமார். மொத்தம் முப்பத்தாறு. அவன் தாள் ஏற்கனவே போய்விட்டது. இன்று இவன். இசக்கிராஜா, பத்தொன்பது வயது. முப்பத்தாறைத் தாண்டினால் இவன், இல்லாவிட்டால் கோவில்பட்டி. மத்தியானம் இரண்டு மணிக்குள் தாள் போயாக வேண்டும். காலுக்கு எட்டு போட்டேன். பென்சில் விரலுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. வலது கையில் மூன்று விரல் வளைந்து போனவை, பந்து வளைத்தவை, சட்டைப் பொத்தான் போடவே பத்து நிமிஷம் ஆகும். நான் போட்டுக்கொள்வேன். யாரும் போட்டுவிட வேண்டாம்.

ஒல்லி. தோள் மட்டும் அகலம். உட்கார்ந்து எழும்போது முழங்கால் ஆடவில்லை. பந்து வெளியே போனால் கை முதலில் போகாமல் கால் முதலில் போகிறது, தலை பின்னாலேயே போகிறது. நான் பந்தைப் பார்ப்பதில்லை. பந்தை உலகமே பார்க்கிறது. பேட்ஸ்மேன் அடித்தானா விட்டானா என்பதும் எனக்கு வேண்டாம். நான் பார்ப்பது அவனை மட்டும், பந்து அவனிடம் வருவதற்கு முன்னால் ஒரு கணம், வந்த பிறகு ஒரு கணம். காலையும் கண்ணையும் அப்படிப் பார்த்துவிடலாம். கையை அப்படிப் பார்க்க முடியாது. கை ஏமாற்றும். கடினமான கையில்கூடப் பந்து ஒட்டும், பத்து மேட்ச் ஒட்டும், பதினோராவதில் தெறிக்கும். கையைக் காதால்தான் பார்க்க வேண்டும். மில் டீமில் கீப்பராக இருந்தபோது தெரிந்துகொண்டது. ஆறு நாள் தறிக்கொட்டகை, இருநூறு தறி ஒரே நேரத்தில், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாய் மட்டும்தான் அசையும். ஞாயிற்றுக்கிழமை மைதானம். அந்த அமைதியில் பந்து கிளவுஸுக்குள் விழுகிற ஓசை எனக்கு அப்படித் தனியாகக் கேட்டது. பந்தை முட்டப் போகிற கடினமான கைக்கு அறை விழுகிற சத்தம் வரும். பந்தோடு கூடப் பின்னால் போகிற கைக்குச் சத்தமே வராது, சட்டைப் பையில் பொடி டப்பாவைப் போடுகிற மாதிரி. அதனால் எனக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு மேட்சிலும் ஒரே ஒரு ஓவர், மைதானத்துக்கு முதுகு காட்டி உட்காருவேன். கேட்பேன். எழுதுவேன். முதலில் சிரித்தார்கள். பிறகு நான் அனுப்பினவர்களில் இரண்டு பேர் மாநில அணிக்கு ஆடினார்கள். சிரிப்பு நின்றது. கோமதிநாயகம் காதால் பார்க்கிறவன் என்று பேர் ஆயிற்று. கிளப் ஆண்டு மலரில்கூடப் போட்டார்கள், என் போட்டோவோடு, காது தெரிகிற மாதிரி பக்கவாட்டில் எடுத்து. மடத்தனம். ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன்.

பதினைந்தாவது ஓவர் முடிந்து தண்ணீர். வெயில் இப்போதே ஏறிவிட்டது. ஒரு ஆள் வேலி ஓரமாக வந்து என் முன்னால் நின்றான். காக்கிச் சட்டை, முழங்கை வரை சிமெண்ட் பூத்த தோல். "கும்பிடுதேன் சார். கீப்பர் பயலுக்கு அப்பா. பலவேசம்." ஆட்டம் நடக்குது என்றேன். "தண்ணிதான குடிக்கானுவ சார்." அது சரிதான். நாற்காலி இல்லை, குத்தவைத்து உட்கார்ந்தான், என் முகத்துக்கு நேராக. "ஒண்ணும் கேக்க வரல. பன்னெண்டாந் தேதி மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்டிருக்கு பயலுக்கு. மச்சினன் அங்க சிமெண்ட் குடோன்ல இருக்கான். இன்னைக்கு நீங்க சரின்னா டிக்கெட்டக் கிழிச்சிருவேன். இல்லன்னா பய ஏறிருவான். ரெண்டுல ஒண்ணு. நடுவுல கெடந்து இழுத்துக்கிட்டு இருக்கப்பிடாது பாத்தியளா." பையன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "அவன் என்னத்தச் சொல்லுவான். வாயில கொழுக்கட்ட. லோடு ஆட்டோல எங்கூட வருவான், மூடை எறக்குவான், பேச்சு கெடையாது." அவனைப் பற்றி உமக்கு என்ன தோணுது என்றேன். பலவேசம் மைதானத்தைப் பார்த்தான். "எனக்கு என்ன சார் தெரியும். சிமெண்ட் மூடைய விட்டெறிஞ்சாப் பிடிக்கான். பந்து அதவிடச் சின்னதுதான." ஜெபசிங் மேசைக்குப் பின்னாலிருந்து சிரித்தான். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். எழுந்து போகும்போது பலவேசம் திரும்பி, "நீங்கதான் பாக்க வாறியன்னு தெரிஞ்சதும் பயலுக்குப் பாதிப் பயம் போயிட்டு சார். கோச்சு சொன்னாராம், கோமதி சாருன்னா கவலப்படாதலேன்னு." நியாயஸ்தன் என்று பேர் இருக்கிறது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். கண்ணுக்கு எட்டு.

பதினெட்டாவது ஓவர். வேகப்பந்து, நல்ல வேகம், சாத்தான்குளத்துப் பையன் ஒருத்தன். இதுதான் சரி என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். முதுகில் வெயில். முன்னால் ஜெபசிங், அவன் பேனா, அவன் குனிந்த வழுக்கை. ஒவ்வொரு பந்துக்கும் அவன் பேனா ஒரு புள்ளி வைக்கும், அதுதான் எனக்குக் கணக்கு. கண்ணை மூடினால் தூக்கம் வருகிற வயசு, அதனால் மூடுவதில்லை. புள்ளி. ஒன்று. சத்தம் இல்லை. பந்து பேட்டில் பட்டிருக்கலாம், இரு. புள்ளி. இரண்டு. இல்லை. எங்கோ மோட்டார் மாதிரி ஒரு இரைச்சல், அது எப்போதும் இருப்பது. மூன்று. ஒன்றும் இல்லை. இந்த வேகத்துக்கு, மேட்டிங் விக்கெட்டில், ஒரு துளி சத்தம் இல்லை. நான் கேட்டதே இல்லை இப்படி. நான் பிடித்ததே இல்லை இப்படி. நான்கு. பஞ்சு. பஞ்சில் ஊசி விழுகிற மாதிரி. சிமெண்ட் மூட்டை பிடித்த கை, மூட்டையை அடித்துப் பிடித்தால் கிழிந்து கொட்டும், கூடவே இறங்கினால்தான் நிற்கும், அங்கே பழகியிருக்கிறான், கோச் இல்லாமல், மூன்று வருஷ ஒப்பந்தமாவது மண்ணாவது, இவன் எங்கேயோ போவான், நான் கடைசியாக அனுப்புகிறவன் இவனாக இருக்கட்டும், இதோடு அட்டையைப் பரணில் போட்டுவிடலாம். ஐந்து. ஒன்பதா, பத்தா. பத்து யாருக்கும் போட்டதில்லை. ஆறாவதுக்கு ஜெபசிங் புள்ளி வைக்கவில்லை. நிறைய எழுதினான், நிமிர்ந்து என்னைப் பார்த்து வாயைத் திறந்தான், கொட்டாவி என்று நினைத்தேன், எனக்கும் வரும் போல இருந்தது. பென்சிலைத் தாளில் வைத்துக்கொண்டே திரும்பினேன். பேட்ஸ்மேன் கிளவுஸைக் கழற்றியபடி வெளியே நடந்துகொண்டிருந்தான். பத்து பேர் ஓடிவந்து இசக்கிராஜாவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் அவன் தலையில் ஏறியே விட்டான். எல்லாருடைய வாயும் திறந்திருந்தது. அம்பயர் விரலைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். "என்ன கத்து கத்துதானுவ," என்றான் ஜெபசிங், பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தவன், தொண்டை அப்படி. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும் சார்."

கேட்டிருக்கும். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போது பழகியது? வீட்டில் தலையாட்டுகிறேன். மருந்துக் கடையில் தலையாட்டுகிறேன். பதினொரு பேர் சேர்ந்து கத்தியது முதுகுக்குப் பின்னால் அறுபது கஜத்தில், எனக்கு வரவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறதோ. வேப்பிலை அசையவில்லை. காற்றே இல்லை. மகன் போன தீபாவளிக்கு ஒரு மெஷின் வாங்கி வந்தான், காதுக்குள் வைப்பது, வைத்தால் கூ என்று ஊளை, சாப்பிடும்போது என் பல் சத்தமே எனக்கு இடி மாதிரி, எடுத்து அலமாரியில் போட்டேன். கிழவனுக்குக் கொஞ்சம் காது மந்தம், இருந்துவிட்டுப் போகட்டும், டிவியைக் கூட்டி வைத்தால் போகிறது. வீட்டுக்குக் கொஞ்சம். மைதானத்துக்கு அதைக் கொண்டுவந்ததில்லை. மைதானத்தில் கேட்கும் என்று இருந்தேன். எப்படி இருந்தேன். இந்தக் காலத்துப் பையன்கள் வாயை மெல்லுகிறார்கள், தெளிவாகப் பேசத் தெரியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். வீட்டுக்காரி விசாலாட்சி பேசுவதைக் குறைத்துவிட்டாள். முன்னெல்லாம் அடுப்படியிலிருந்து ஓயாத பேச்சு, கேஸ், பால், மருமகள், பக்கத்து வீட்டு மோட்டார். இரண்டு வருஷமாக வீடு அமைதி. வயசாகிவிட்டது, அடங்கிவிட்டாள், நல்லது என்று எண்ணியிருந்தேன். அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாளோ. அதை விடு. இப்போது அது இல்லை. இரண்டு வருஷம். இரண்டு வருஷம் என்றால் கிருபாகரன். ராஜபாளையம் கிருபாகரன், கைக்கு ஒன்பது போட்டேன். ஒன்பது. சத்தமே இல்லாத கை என்று பக்கத்தில் எழுதியும் அனுப்பினேன். சென்னையில் டிவியில் காட்டுகிற மேட்ச், விளக்கு வெளிச்சம், மூன்று கேட்ச், மூன்றும் கிளவுஸில் பட்டுத் தெறித்தது. அதை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு ஊரெல்லாம் அனுப்பினார்கள், என் போனுக்கே வந்தது. பையன் பாதியில் திரும்பி வந்தான். வெளியே வருவதில்லையாம். நான் என்ன சொன்னேன்? விளக்கு என்றேன். மனசு இல்லை என்றேன். மனசுக்கு ஐந்துதான் போட்டிருந்தேன், பார், நான் சொன்னேனே என்று காட்டினேன். கையில் இருந்தது கோளாறு. அறை மாதிரி சத்தம் வந்திருக்கும், மைதானத்தில் இருந்த காக்காய்க்குக்கூடக் கேட்டிருக்கும், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவனுக்குத் தவிர. கோவில்பட்டிப் பையனுக்குக் கைக்கு ஏழு போட்டது எப்படி? அவனுக்கு லேசாகச் சத்தம் வந்தது, அதனால் இரண்டைக் குறைத்து ஏழு. லேசாக. எனக்கே லேசாகக் கேட்டதென்றால் அது என்ன அடியாக இருக்கும். கோமதி சாருன்னா கவலப்படாதலே. கோச் அதை எந்தக் குரலில் சொன்னார், மரியாதையாகவா கேலியாகவா என்று பலவேசத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டு என்ன ஆகப் போகிறது.

மிச்சம் முப்பத்திரண்டு ஓவரும் முகத்தைத் திருப்பாமல் பார்த்தேன். வலது காதை அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வைத்தேன், ஜெபசிங் பார்த்தான், கன்னத்தைச் சொறிவது போல இறக்கினேன். பந்து அவன் கையில் விழுகிறது, விழுந்ததும் அந்த இரைச்சல், தறி ஓடுகிற மாதிரி, மில்லை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிறது, என் தலைக்குள் இன்னும் யாரோ ஷிப்ட் ஓட்டுகிறார்கள். கையைக் கண்ணால் பார்க்க முயன்றேன். கை பின்னால் போகிற மாதிரி இருக்கிறது. போகவில்லை, அது முழங்கை. இல்லை, போகிறது. எழுபத்தொரு வயதில் புதிதாக ஒன்றைப் பார்க்கப் பழக முடியாது. ஜெபசிங்கிடம் கேட்டால் என்ன. ஏல, அவன் பிடிக்கும்போது சத்தம் எப்படி வருதுன்னு. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் சிரிக்க மாட்டான். சிரித்தால்கூடப் பரவாயில்லை. பாவம் பார்ப்பான், சாயங்காலத்துக்குள் ஊருக்குச் சொல்வான், கெட்டவன் இல்லை, சொல்லாமல் இருக்க முடியாதவன். சும்மா ஒன்பது போட்டுவிடலாம். போட்டால் பையன் சென்னைக்குப் போவான், கை நல்ல கையாகவும் இருக்கலாம், பாதிக்குப் பாதி, அப்பன் டிக்கெட்டைக் கிழிப்பான். கை மோசமானால் விளக்கு வெளிச்சம், மூன்று கேட்ச், பாட்டு. ஆறு போட்டால் மஸ்கட், சிமெண்ட், அதுவும் பாதிக்குப் பாதி. காசு சுண்டுகிற வேலைக்கு நான் எதற்கு. பென்சிலைக் கூர் சீவினேன். கூராகத்தான் இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு. தகரக் கொட்டகையில் எலுமிச்சைச் சாதம், அப்பளம். அவனைக் கூப்பிட்டேன். வந்து நின்றான், தட்டைப் பக்கத்தில் ஒருத்தனிடம் கொடுத்துவிட்டு. கையைக் காட்டு. பேண்ட்டில் துடைத்துக் காட்டினான். இது ஒரு வழி. கடினமான கைக்காரனுக்கு ஆள்காட்டி விரலுக்குக் கீழே சதை கன்றிப் போயிருக்கும், அழுத்தினால் முகம் சுளிக்கும். விரலை வைத்தேன். சதையே அகப்படவில்லை. காய்ப்பு. உள்ளங்கை முழுக்க மூட்டை தூக்கிய காய்ப்பு, மரப்பலகை மாதிரி, சிமெண்ட் தின்று வெடித்து. அழுத்தினேன். என் வளைந்த விரல்தான் வலித்தது. "வலிக்கா?" தலையை ஆட்டினான், இல்லை என்று. இந்தக் கையில் கல்லை எறிந்தாலும் தெரியாது. அவன் கண்ணைப் பார்க்காமல், கையைப் பார்த்தபடியே கேட்டேன், "பந்து விழும்போது சத்தம் வருமால உனக்கு?" பதில் சொன்னான். உதடு அசைந்தது, இரண்டு மூன்று வார்த்தை, தரையைப் பார்த்துச் சொன்னான். எனக்கு இரைச்சல்தான் கிடைத்தது. சரி போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதைத்தான் சொல்லியிருப்பேன், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், சரி போ. அவன் கையை நான் இன்னும் விடவில்லை. "சத்தமாச் சொல்லு," என்றேன். "எனக்குக் காது கேக்காது." சொல்லியாயிற்று. இடி ஒன்றும் விழவில்லை. அவன் நிமிர்ந்தான், முதல் தடவையாக என்னைப் பார்த்தான், பிறகு கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னான், "வேகத்துக்கு வரும் சார். படார்னு வரும். ஸ்பின்னுக்கு வராது." பொய் சொல்லியிருக்கலாம். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்த பிறகும் உள்ளதைச் சொன்னான். ஸ்பின்னுக்கு வராத கைக்கு வேகத்துக்கும் வராமல் பண்ண ஒரு வருஷம் போதும், நல்ல ஆளிடம் விட்டால் எட்டு மாசம். அது எனக்குத் தெரியும். அது மட்டும் இன்னும் தெரியும்.

நாற்காலிக்குத் திரும்பி வந்து எழுதினேன். பேட்டிங் ஏழு, காலையில் ஆட்டத்துக்கு முன்னால் வலையில் பார்த்தது. மனசு ஒன்பது, யாருக்கும் போட்டதில்லை. கால், கண் ஏற்கனவே இருந்தது. முப்பத்திரண்டு ஆகிறது. கைக்கு ஐந்து போட்டால் முப்பத்தேழு. கோவில்பட்டியைத் தாண்டிவிடும். ஐந்து என்று போடலாம், பொய்யும் இல்லை. பென்சிலைக் கட்டத்தில் வைத்தேன், எடுத்தேன். அந்த நம்பரும் கிருபாகரனுக்குப் போட்ட கையிலிருந்துதானே வருகிறது. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே எழுதினேன்: வேகத்துக்குச் சத்தம் உண்டு, ஸ்பின்னுக்கு இல்லை, இது பையன் சொன்னது. எனக்குக் காது போய்விட்டது. இரண்டு வருஷமாக நான் கைக்குப் போட்ட நம்பர் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கோவில்பட்டி உட்பட. வேறு ஆளை அனுப்பி இவனைப் பாருங்கள், பார்க்கத் தகுந்தவன். கையெழுத்து. ஜெபசிங்கிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எடுத்தான், அனுப்புவதற்கு முன்னால் படித்தான், பிறகு அனுப்பினான். இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியது. முதல் விக்கெட் சீக்கிரம் விழுந்தது. அடுத்து இறங்க வேண்டிய இசக்கிராஜா என் நாற்காலிக்கு நாலடி தள்ளிப் புல்லில் உட்கார்ந்து காலில் பேடின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். பலவேசம் வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டோ மேல் சாய்ந்திருந்தான். தொடையில் போன் அதிர்ந்தது. சென்னை மேனேஜர். எடுத்துக் காதில் வைத்தேன், தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஏதோ வந்தது. நீ பேசு என்று ஜெபசிங்கிடம் நீட்டினேன். அவன் சரி சார், சரி சார், சொல்லுதேன் சார் என்றான், நாலைந்து தடவை. வைத்துவிட்டு என் வலது பக்கமாகக் குனிந்தான், குரலைத் தணித்துக்கொண்டான், அவனுக்கு அது வராது, இருந்தும் தணித்தான். "வேற ஆள் அனுப்ப நேரம் இல்லையாம் சார். இந்தத் தாள்ல கட்டம் காலியா கெடக்காம். கோவில்பட்டிப் பையன் தாள்ல நம்பர் முழுசா இருக்காம். அவனையே எடுத்துக்கிடுதாங்களாம்." ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு விழவில்லை என்று நினைத்துக்கொண்டு ஜெபசிங் நிமிர்ந்து, டிரில் வாத்தியார் தொண்டையில், ஒரு எழுத்து விடாமல் மறுபடியும் சொன்னான். வாரைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.